மீட்பவருக்கு முன்னால் மூழ்கியவர்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் மேற்குப் புறநகர்ப் பகுதிச் செய்திகளில் ஒரு வகைத் துயரம் தவறாமல் இடம்பெறும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஏதோ ஓர் ஏரிக்கோ, கைவிடப்பட்ட கல் குவாரிக்கோ குளிக்கச் சென்ற மாணவர் நீரில் மூழ்கியிருப்பார். தீயணைப்பு வீரர்கள் வந்து பாதாளக் கரண்டி வீசித் தேடியிருப்பார்கள். இருட்டிவிட்டதால் பணி நிறுத்தப்பட்டிருக்கும். மறுநாள் ஆக்சிஜன் சிலிண்டர் அணிந்த வீரர்கள் வரவழைக்கப்பட்டு உடல் மீட்கப்பட்டிருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், சென்ற ஆண்டுச் செய்தியே இந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

அச்செய்திகளில் ஒரு சிறு பிழையும் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. நீருக்குள் இறங்குபவர் முதுகில் சுமப்பது ஆக்சிஜன் சிலிண்டர் அன்று. நாமெல்லாம் சுவாசிக்கும் அதே காற்றை ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தி அடைத்த உருளை அது. தூய ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. தரையில் வரும் வலிப்புக்கு மருத்துவம் இருக்கிறது. நீருக்கடியில் வந்தால் வாயிலுள்ள சுவாசக் குழாய் நழுவிவிடும். அதன்பின் செய்வதற்கு அதிகம் இல்லை.

உயிர் தரும் வளியே அழுத்தம் கூடினால் நஞ்சாகும் என்பதைத் தம் முதுகெலும்பை விலையாகக் கொடுத்து அறிந்தவர்களுள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். உயிரியல் படித்தவர்கள் அவரை மரபியல் மேதையாக அறிவார்கள். மீட்பு ஸ்கூபா பயிற்சிக்குச் செல்லும் ஓர் இளைஞர் மனப்பாடம் செய்யும் விதிகள் பலவற்றின் பின்னால் அவரும் அவர் தந்தையும் நிற்கிறார்கள் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. நான் உயிரியல் அறிந்தவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆயினும் ஓர் உயிரைக் காக்கும் அறிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள், யார் பயன்பெறுகிறார்கள் என்பது என் துறைக்கும் உரிய கேள்விதான். அதனால்தான் அவர் வாழ்க்கையை எழுதத் துணிந்தேன்.

1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் அறிஞர். மனிதர்கள் எந்தக் காற்றில் பிழைப்பார்கள், எந்தக் காற்றில் மாள்வார்கள் என்பதை ஆராய்வதே அவருடைய வாழ்நாள் பணி. நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்கூட்டியே உணர்த்தச் சிறு பறவைகளை எடுத்துச் செல்லும் வழக்கம் அவர் பரிந்துரையால் பரவியது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து ஆராயும் மனிதர் அல்லர் அவர். விபத்து நடந்த சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிவிடுவார்; மகனையும் அழைத்துச் செல்வார்.

ஒருமுறை மீத்தேன் நிறைந்த சுரங்கப் பகுதியில் மகனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் உரையைச் சொல்லச் சொன்னார். சில வரிகளிலேயே சிறுவனுக்கு மூச்சு வாங்கியது. கால்கள் துவண்டு தரையில் விழுந்தான். விழுந்ததும் தெளிந்தான். மீத்தேன் காற்றைவிட எடை குறைந்தது, கூரையருகே சேரும், தரையருகே நல்ல காற்று இருக்கும் என்ற பாடத்தை அவன் பிறகு மறந்திருக்க வாய்ப்பில்லை. இந்நாளில் எந்தத் தந்தையாவது இப்படிப் பாடம் நடத்தினால் குழந்தைகள் நல அலுவலர் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால், கண்ணுக்குத் தெரியாத காற்றைப் பற்றிய அறிவில்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்க, அவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும், அவரைக் காப்பாற்ற இறங்கிய மூன்றாமவரும் மாண்டுபோகும் செய்திகளை நாம் இன்றும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மனிதர்களை இறக்குவதைத் தடை செய்த சட்டம் 2013-ஆம் ஆண்டே வந்துவிட்டது.

1900-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை தந்தை ஹால்டேனிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஆழத்தில் வேலை செய்துவிட்டு மேலேறும் முக்குளிப்போர் சிலர் மூட்டுவலியால் துடித்தனர், சிலருக்குக் கை கால் செயலிழந்தது, சிலர் இறந்தனர். ‘பெண்ட்ஸ்’ என்று அதற்குப் பெயர். காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு கோலி சோடா போதும். அழுத்தத்தில் நீருக்குள் கரைந்து கிடக்கும் வாயு, கோலியை உள்ளே தள்ளியதும் குமிழ்களாகப் பொங்குகிறதல்லவா? ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனும் இரத்தத்திலும் திசுக்களிலும் அப்படியே கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் உடம்பே கோலி திறந்த சோடாவாகிவிடும்.

லண்டனிலுள்ள லிஸ்டர் நிறுவனத்தில் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துத் தந்தை ஹால்டேனும் அவர் துணைவர்களும் ஆராய்ந்தனர். அழுத்தத்தை விரைந்து குறைத்தபோது வலி தாங்காமல் முன்னங்காலைத் தூக்கி நின்ற ஆடுகளே அவர்களுக்குச் சாட்சி. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர், மேலேறும்போது எந்தெந்த இடத்தில் எத்தனை நிமிடம் தங்க வேண்டும் என்று கணக்கிட்டு ஓர் அட்டவணை வகுத்தனர். 1906-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கடற்கரையில் அதை மனிதர்களிடம் சோதித்தபோது, கடற்படை அதிகாரி டாமண்டும் அவர் தோழரும் 210 அடி ஆழம் வரை இறங்கி நலமாக ஏறினர். அந்தப் பயணத்துக்குப் பதின்மூன்று வயது மகனும் வந்திருந்தான். அவனுக்கும் ஒரு முக்குளிப்பு உடை மாட்டப்பட்டது. பெரியவர்களுக்குத் தைத்த உடை; மணிக்கட்டில் இறுகவில்லை. உள்ளே தண்ணீர் கசிந்து ஏறியது. மேலே தூக்கியபோது அது ஏறக்குறைய கழுத்தை எட்டியிருந்தது. நடுக்கத்தைத் தவிர வேறு சேதமில்லை.

1908-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வுக் கட்டுரைக்கும் அட்டவணைக்கும் யாரும் காப்புரிமை கோரவில்லை. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத, எவரையும் விலக்கி வைக்காத இத்தகைய சொத்தைப் பொருளியலில் பொதுப் பண்டம் என்போம். அதன் மதிப்பு விரைவிலேயே தெரிந்தது. 1917-ஆம் ஆண்டு அயர்லாந்துக் கரையருகே லாரண்டிக் என்ற கப்பல் 3,211 தங்கக் கட்டிகளுடன் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. முன்பு தாமே இறங்கிச் சோதித்த அதே டாமண்ட், தம் குழுவினரை 5,000 முறைக்கு மேல் அங்கே இறக்கி, 1924-ஆம் ஆண்டுக்குள் 3,186 கட்டிகளை மீட்டார். முக்குளித்தவர்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அடியில் தங்கம் கிடந்தால், அதை எடுக்க இறங்குபவருக்குப் பயிற்சியும் நேரமும் அட்டவணையும் தர அரசுகளுக்கு மனம் வருகிறது. அடியில் கிடப்பது பூந்தமல்லியைச் சேர்ந்த ஒரு மாணவர் என்றால் அதே மனம் வருமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இளைய ஹால்டேனின் கல்விக் காலத்தை விரைவாகவே கடந்துவிடலாம். ஈட்டன் பள்ளி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும். இரண்டிலும் முதல் வகுப்பு. அறிவியலில் பட்டம் பெறாமலேயே உலகின் முன்னணி அறிவியலாளர்களுள் ஒருவராகிவிட்ட மனிதர். முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றார். 1915-ஆம் ஆண்டு ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவியபோது தந்தை அழைக்கப்பட்டார். தந்தை மகனை அழைத்துக்கொண்டார். இருவரும் கண்ணாடிச் சுவர் அறைக்குள் குளோரினைச் சுவாசித்து முகமூடிகளைச் சோதித்தனர். பின்னர் மெசபடோமியாவில் காயமுற்று, குணமடைய இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த நாடு அப்போதே அவரைப் பற்றிக்கொண்டது. ஆனால், ஆட்சியாளராக இங்கே இருப்பது அவருக்கு உவப்பாக இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவுக்கே திரும்பி வருவதென்று முடிவு செய்தார் என்பர்.

கேம்பிரிட்ஜிலும் பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் அவர் செய்த மரபியல் பணியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபு விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூவருள் அவர் ஒருவர். அதே காலத்தில் தம் உடம்பையே சோதனைக்கூடமாகவும் வைத்திருந்தார். இரத்தத்தின் அமிலத்தன்மை மாறினால் என்னவாகும் என்று அறிய அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். நாள்கணக்கில் மூச்சுத் திணறினார். முயலுக்கு அதைக் கொடுத்திருக்கலாமே என்றால், முயலால் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடியாது என்பதே அவர் வாதம்.

1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி அந்தப் பழக்கம் வேறொரு பொருள் பெற்றது. தெட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்துக்குச் சென்றது. வழக்கமான எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக 103 பேர் உள்ளே இருந்தனர். கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்கள் பலர் அவர்களுள் அடக்கம். டார்பிடோ குழாய் ஒன்றின் வெளிக்கதவு திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் சிறு துளையைப் பூச்சு வண்ணம் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டவில்லை, எனவே குழாய் காலி என்று நம்பி உள்கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே பாய்ந்தது. முகப்பு சேற்றில் புதைந்தது. வால்பகுதியோ சில மணி நேரம் நீருக்கு மேலே, கரையிலிருந்து வந்தவர்கள் கண்ணுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்தது. தப்பியவர்கள் நால்வர். 99 பேர் மாண்டனர்.

அவர்களில் பெரும்பாலோரை நீர் கொல்லவில்லை. அவர்கள் விட்ட மூச்சே கொன்றது. மூடிய கலத்துக்குள் கரியமில வாயு மணிக்கு மணி ஏறியது. தப்பும் அறைக்குள் சென்றவர்கள்கூட எளிய செயல்களைச் சரியாகச் செய்ய முடியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. இறந்த தொழிலாளர்களின் சங்கங்கள், விசாரணையில் தங்கள் தரப்புக்கு அறிவியல் உதவி வேண்டி ஹால்டேனை அணுகின. ஓர் அரசு அலுவலகமோ கப்பல் நிறுவனமோ அல்ல, தொழிற்சங்கங்கள் அவரை அழைத்தன என்பதை என் மாணவர்களிடம் நான் பலமுறை சொன்னதுண்டு. உழைப்பவர் அமைப்பாகச் சேர்வதன் பயன் கூலி உயர்வு மட்டுமன்று. ஏன் இறந்தோம் என்று கேட்கும் உரிமையும் அதில் அடங்கும்.

ஹால்டேன் காகிதத்தில் கணக்குப் போட்டு அனுப்பிவிடவில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பன்னாட்டுப் படையில் போரிட்டுத் திரும்பிய நால்வரைத் துணைக்கு அழைத்தார். மூச்சு முட்டும்போது பதறாத மனிதர்கள் தமக்கு வேண்டும் என்று அவர் கருதினார். சீப் கோர்மன் நிறுவனத்தின் எஃகு அறைக்குள் தங்களை அடைத்துக்கொண்டு, தெட்டிஸுக்குள் இருந்தது போன்ற காற்று உண்டாகும் வரை காத்திருந்தார்கள். தலைவலி மண்டையைப் பிளந்தது, வாந்தி வந்தது, மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. பிறகு தப்பும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். ஹால்டேன் 14 மணி நேரத்துக்கும் மேலாக அத்தகைய அறையில் இருந்தார். கரியமில வாயு மிகுந்த காற்றில் சற்று நேரம் இருந்தாலே மனிதன் செய்யத் தெரிந்ததையும் செய்ய முடியாதவனாகிறான் என்பதை அவர் விசாரணையில் தம் அனுபவத்தையே சான்றாக்கிச் சொன்னார்.

இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? கப்பலின் வரைபடங்களையும் ஆவணங்களையும் நீதிமன்றத்தில் காட்ட அரசு மறுத்தது. 1942-ஆம் ஆண்டு அந்த மறுப்பைப் பிரபுக்கள் சபை ஏற்றது. அரசின் இரகசியக் காப்புரிமைக்கு அந்தத் தீர்ப்பு நெடுங்காலம் முன்னுதாரணமாக நின்றது. 1946-ஆம் ஆண்டு அவர்களின் வழக்கும் தோற்றது. தெட்டிஸை மேலே தூக்கும் பணியில் இறங்கிய முக்குளிப்பவர் ஒருவரும் பெண்ட்ஸ் நோயால் உயிரிழந்தார் என்பதையும் சேர்த்தால், அந்த ஒரு கப்பல் கொண்ட உயிர்கள் நூறு.

போர் தொடங்கியதும் கடற்படையே ஹால்டேனைத் தேடி வந்தது. மூழ்கிய கலத்திலிருந்து தப்புபவருக்கும், குறு நீர்மூழ்கிகளில் சென்று எதிரியின் கரையை ஆராய்பவருக்கும் எந்தக் காற்று பொருந்தும், எவ்வளவு நேரம் பொருந்தும் என்று அறிய வேண்டியிருந்தது. அவரும், பின்னர் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும், யுனிவர்சிட்டி கல்லூரித் துணைவர்களும் மாறி மாறி அழுத்த அறைக்குள் சென்றார்கள். ஸ்பெயினின் முன்னாள் பிரதமரும் உடலியல் பேராசிரியருமான ஹுவான் நெக்ரின்கூட அந்த அறைக்குள் அமர்ந்தார். பத்து வளிமண்டல அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்துக்கொண்டு பெருக்கல் கணக்குப் போட்டார்கள். இடுக்கியால் சிறு எஃகு குண்டுகளை எடுத்து வைத்தார்கள். கணக்கு தடுமாறியது. சிலர் காரணமின்றிச் சிரித்தார்கள். ஆழத்தில் நைட்ரஜன் மதுவைப் போல மயக்கும் என்பது அங்கே எண்ணும் எழுத்துமாகப் பதிவானது. பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் படுத்துக்கொண்டும் இதே சோதனைகளைச் செய்தார்கள். கடல் வெந்நீராகவா இருக்கிறது என்பது ஹால்டேன் கேள்வி.

தூய ஆக்சிஜன் வந்தபோது விலை கூடியது. மிகை அழுத்தத்தில் அதற்குப் புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை இருப்பதை ஹால்டேன் குறித்து வைத்தார். சுவையற்ற வளி என்று பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு அது வியப்பளிக்கும். சில நிமிடங்களில் வலிப்பு வந்தது. அப்படி வந்த ஒரு வலிப்பின் வேகத்தில் அவருடைய முதுகெலும்புக் கணுக்கள் நொறுங்கின. அந்த வலி இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை. வேறொரு சோதனையில் தண்டுவடத்தில் குமிழ் தங்கி, உட்காருவதே சிரமமாயிற்று. செவிப்பறை கிழிந்தது பற்றி அவர் கவலைப்படவில்லை. புகைக்கும்போது காது வழியாகப் புகைவிடும் வித்தை தமக்குக் கைவந்துவிட்டதாகக் கேலி பேசினார். கடற்படை மருத்துவர்கள் அதன்பின் மேலும் பல நூறு சோதனைகள் நடத்தி எல்லைகளைத் திட்டவட்டமாக வகுத்தார்கள். 6 மீட்டர் என்று நான் மேலே எழுதிய எண்ணுக்குப் பின்னால் இத்தனை பேரின் வலிப்புகள் இருக்கின்றன.

என்னிடம் பொருளியல் படித்து, இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் ஒருவர் சில ஆண்டுகளாகப் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா பயின்று, அண்மையில் மீட்பு முக்குளிப்புப் பயிற்சியை முடித்தார். 2015 வெள்ளத்தில் தெருவில் கழுத்தளவு நீரில் நின்று கையைப் பிசைந்த அனுபவமே அவரை அங்கே அனுப்பியது. பயிற்சி வீரசாகசமாக இருக்கும் என்று எண்ணிப் போனவருக்கு, முதலில் கற்பிக்கப்பட்டது தன்னைக் காத்துக்கொள்வது. இரண்டாவது பிணமாக நீ ஆகிவிடாதே என்பதே அப்பயிற்சியின் பிள்ளையார் சுழி. பதற்றத்தில் இருப்பவன் கிடைத்ததைப் பற்றி மேலே ஏறப் பார்ப்பான். மீட்பவர் தலையானாலும் அவனுக்கு அது ஒரு படி. ஆகவே முன்னாலிருந்து நெருங்கக் கூடாது; பின்புறமாகச் சென்று அவன் முதுகிலுள்ள சிலிண்டரை முழங்கால்களால் இடுக்கிப் பிடித்து, மிதவைச் சட்டையில் காற்றேற்ற வேண்டும். அவன் நம்மைப் பிடித்துவிட்டால் விடுபட வழி, நீருக்குள் இறங்குவது. மூழ்குபவன் கீழே பின்தொடர மாட்டான். பயிற்றுநர் மூழ்குபவராக நடித்து இவர் முகக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாராம்.

அடியில் மயங்கிக் கிடப்பவரை மேலே கொண்டுவரும் பாடத்தில்தான் ஹால்டேன்கள் வருகிறார்கள். மூச்சை அடக்காதே என்பது விதி. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்பை எட்டும்போது இரு மடங்காக விரியும்; அடக்கினால் நுரையீரல் கிழியும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே. உன் சிறு குமிழ்களை முந்தாதே. 5 மீட்டரில் சற்றே தங்கு. கையில் ஓர் உயிர் துடிக்கையில் மெதுவாக ஏறு என்று சொல்வது கொடுமையாகத் தோன்றும். எப்போது தங்கலாம், எப்போது தங்குவதை விட்டுவிட வேண்டும் என்று நொடியில் முடிவெடுக்கப் பழக்குவதே அந்தப் பயிற்சி. அதை நூல் படித்துக் கற்க முடியாது.

அவரிடம் சிக்கராயபுரம் குவாரியைப் பற்றிக் கேட்டேன். மாங்காட்டை ஒட்டிய அந்தக் கல் குவாரிகளின் நீர் 2017, 2019 வறட்சிகளில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீரானது. நகரம் நன்றியுடன் குடித்தது. குளிக்கப்போனவர்களை அவை காவு கொண்டதும் உண்டு. அங்கே இறங்க இந்தப் பயிற்சி போதாது என்று அவர் தயங்காமல் சொன்னார். கடலில் கற்றது பார்வை எட்டும் நீருக்கானது. குவாரியில் செங்குத்துப் பாறைச் சுவர், படிகள் இல்லை. அடியில் கம்பியும் முள்ளும் குப்பையும். சில அடிகளுக்குக் கீழே கையைக் கண் முன் நீட்டினாலும் தெரியாது. அத்தகைய இடத்தில் இறங்குபவர் இடுப்பில் கயிறு வேண்டும். கரையில் அந்தக் கயிற்றின் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். இறங்கத் தயாராக உடையணிந்த மூன்றாமவரும் வேண்டும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழி, தேனெடுக்கப் பாறை முகட்டிலிருந்து கயிற்றில் இறங்குபவனைப் பற்றியது என்பார்கள். மனைவியின் உடன்பிறந்தவன் கயிற்றைப் பிடித்தால் விடமாட்டான்; தங்கையின் தாலி அவன் கையில். பாதுகாப்பு இலக்கணத்தை நம்மவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. ஆவடி வழியே செல்லும் அதே இரயில் பாதையில்தான் இருக்கிறது. கொச்சியில் கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி இருக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முன்பு உருவான டி-72 டாங்கிகள், மூச்சுக்குழாய் பொருத்தி 5 மீட்டர் ஆழ நீரைக் கடக்கக் கூடியவை. இயந்திரம் நீரைக் கடப்பதற்கு இவ்வளவு சிந்தித்த ஊர் இது. ஆனால் ஓர் ஏரியில் பிள்ளை மூழ்கினால், முதல் ஐந்து நிமிடங்களில் இருப்பவர் கரையில் நிற்கும் மீனவரோ ஆடு மேய்ப்பவரோதான். சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிப்பார். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் ஆளுக்கு நாலைந்து பேரைக் கயிற்றுடன் கூடிய மீட்பு முக்குளிப்பில் முழுமையாகப் பயிற்றி, மாதச் சம்பளமும் காப்பீடும் தந்து வைத்திருக்கப் பெருஞ்செலவு ஆகாது. ஆண்டில் சில நாள்களே பயன்படுவார்கள் என்று தணிக்கையில் கேட்கக்கூடும். தீயணைப்பு வண்டியும் ஆண்டில் பெரும்பாலான நேரம் கொட்டகையில்தான் நிற்கிறது.

ஹால்டேனிடம் குறைகளும் உண்டு, மறைப்பது நேர்மையன்று. கம்யூனிஸ்ட் கட்சிப் பற்றினால், சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலையே அழித்தபோது, மரபியலாளரான அவர் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். சக அறிஞர்கள் சிறைப்பட்டு மாண்ட செய்தி வந்த பிறகும் அந்தத் தயக்கம் நீடித்தது. 1950-ஆம் ஆண்டளவில் கட்சியிலிருந்து ஓசையின்றி விலகினார். காற்றைப் பற்றித் தம் உடம்பைத் தவிர எதையும் நம்பாதவர், அரசியலில் பிறர் சொல்லை அவ்வளவு காலம் நம்பியது எனக்கு இன்றும் புதிராகவே இருக்கிறது. முன்கோபமும் அதிகம், அவரோடு சண்டையிடாத நிர்வாகி அரிது.

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அந்த இலக்குக்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மகலனோபிஸ். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படையான அவரது மாதிரியை வகுப்பில் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அதே மகலனோபிஸின் அழைப்பை ஏற்று, சூயஸ் படையெடுப்பின் மீதான கசப்பையும் காரணமாகக் காட்டி, 1957-ஆம் ஆண்டு ஹால்டேன் மனைவியுடன் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். வேட்டியும் குர்தாவும் உடுத்தினார், புலால் நீத்தார், இந்தியக் குடியுரிமை பெற்றார். ஒருமுறை உண்ணாநோன்பும் இருந்தார்.

இங்கே அவர் செய்த அறிவியல் எனக்கு மிகப் பிடித்தமானது. வெளிநாட்டுக் கருவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். ஒருவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். இன்னொருவர் தென்னை மரங்களில் எது இடம்புரி, எது வலம்புரி என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகள் உலகின் ஆய்விதழ்களில் இடம்பெற்றன. மகலனோபிஸோடும் ஒத்துப்போக முடியாமல் 1961-ஆம் ஆண்டு அங்கிருந்து வெளியேறினார். ஒரிசா முதல்வர் பிஜு பட்நாயக் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைக்க அழைத்தார். 1962-ஆம் ஆண்டு அங்கே சென்றார்.

அடுத்த ஆண்டிலேயே புற்றுநோய் தெரியவந்தது. லண்டனில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தபோது, அந்நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதி வெளியிட்டார். அறிகுறி தெரிந்தும் மருத்துவரிடம் போகாமல் வெட்கப்படுவோரை விரைந்து போக வைப்பதே அவருடைய நோக்கம். நோயாளிகள் சிலர் மனம் புண்பட்டதாக எழுதினார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். தம் மரணச் செய்தியைத் தாமே பேசி பிபிசிக்குப் பதிவு செய்து கொடுத்துவிட்டு இந்தியா திரும்பினார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார்.

உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அவர் எழுதிவைத்திருந்தபடி, நம் கிழக்குக் கரையிலுள்ள காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் அறுத்துக் கற்பதற்காக அனுப்பி வைத்தார்கள்.